விர்ட்டஸ் 1.5: மேனுவலா, டிஎஸ்ஜியா? தினமும் ஓஎம்ஆர், மாதம் ஒருமுறை கோத்தகிரி

கேள்வி: மலைநாட்டான், மேடவாக்கம்

வணக்கம். புது கார் வாங்கப் போகிறோம். வோக்ஸ்வேகன் விர்ட்டஸ், 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல். எந்த வண்டி என்பதில் குழப்பம் இல்லை, நானும் மனைவியும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்துவிட்டோம். முடிவாகாமல் நிற்பது கியர்பாக்ஸ். அதே இன்ஜினுக்கு 6 கியர் மேனுவலும் உண்டு, 7 கியர் டிஎஸ்ஜியும் (கிளட்ச் பெடல் இல்லாத இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) உண்டு. இரண்டிலும் 150 பிஎஸ் சக்தி, 250 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவை). விலையில் லட்ச ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வருகிறது. அதைச் சமாளித்துவிடலாம். ஆனால் ஒரு வண்டி வாங்கினால் எட்டு, பத்து வருஷம் வைத்திருக்கிறவர்கள் நாங்கள். வாரண்டி முடிந்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் கவலை.

எங்கள் ஓட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வார நாட்களில் மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர், அங்கே மனைவியை இறக்கிவிட்டு ஓஎம்ஆரில் சிறுசேரி சிப்காட். வழி முழுக்க மெட்ரோ வேலை, சாலை பாதியாகச் சுருங்கியிருக்கிறது. காலையில் பெரும்பாக்கம் தாண்டுவதற்குள் முதல் கியர், இரண்டாம் கியர், திரும்ப முதல் கியர் என்றே போகிறது. இப்போது கையில் இருப்பது பழைய மேனுவல் ஹேட்ச்பேக். கல்லூரியில் கால்பந்து ஆடியபோது இடது முட்டியில் பட்ட அடி ஒன்று உண்டு. மழை பெய்து நெரிசல் கூடிய நாளில் இரவு முட்டி வலிக்கும்.

மாதம் ஒருமுறை ஊருக்குப் போவோம். கோத்தகிரி பக்கம். அப்பா, அம்மா அங்கேதான் இருக்கிறார்கள். மேட்டுப்பாளையம் வரை சமவெளி, அப்புறம் மலை. மலையை விட எங்கள் வீட்டு வாசல்தான் கஷ்டம். தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் சிமெண்ட் சரிவு நல்ல செங்குத்து. மேலே வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. அதனால் ரோட்டிலேயே திருப்பி, ரிவர்ஸில் ஏற்றி நிறுத்துவோம். கிளம்பும்போது முன்பக்கமாக இறங்குவோம்.

அப்பா எஸ்டேட்டில் பல வருஷம் ஜீப் ஓட்டியவர். "மலைக்கு ஆட்டோமேட்டிக் ஆகாது. இறங்கும்போது கியர் உன் கையில் இருக்கணும்" என்கிறார். மனைவி நேர் எதிர்: "தினமும் அந்த ரோட்டில் ஓட்டப் போறது நாம. மாமா இல்லை." எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே படுகிறது. ஊரில் இருக்கும்போது அப்பாவும் இந்த வண்டியை எடுப்பார், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

வைத்து ஓட்டியவர்கள், பிரித்து வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். விளம்பரத்தில் வருவது எல்லாம் படித்தாகிவிட்டது.


பதில்: ஓஎம்ஆர் பயணி

டிஎஸ்ஜி எடுங்கள். நான் துரைப்பாக்கம். வேறொரு நிறுவனத்தின் 7 கியர் டிசிடி (இதுவும் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்தான்) வைத்திருக்கிறேன், விர்ட்டஸ் போலவே அதுவும் எண்ணெயில் ஊறாத உலர் கிளட்ச்தான். முன்பு மேனுவல் ஓட்டியபோது வீட்டுக்கு வந்தால் யாரிடமும் பேசவே பிடிக்காது. இப்போது அந்த அலுப்பு இல்லை. நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டும்போது அது கியர் குறைக்கிற வேகத்தை ஒருமுறை பாருங்கள், மேனுவலுக்குத் திரும்ப மனம் வராது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். என் வண்டியில் ஆட்டோ ஹோல்ட் இருக்கிறது. நின்றதும் பிரேக்கைத் தானே பிடித்துக்கொள்ளும், ஆக்சிலேட்டரைத் தொட்டால் விடும். நெரிசலில் அது பெரிய வசதி. விர்ட்டஸில் கையால் இழுக்கிற ஹேண்ட்பிரேக்தான், ஆட்டோ ஹோல்ட் கிடையாது. சரிவில் கிளம்பும்போது சில நொடி பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்ட் மட்டும் உண்டு. அதனால் சிக்னலில் வலது கால் பிரேக்கிலேயே இருக்க வேண்டும். இடது முட்டிக்கு விடுதலை கிடைக்கும், வலது காலுக்கு வேலை இருக்கும்.

அப்பாவிடம் ஒருமுறை வண்டியைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். பெரியவர்கள் பழகிவிட்டால் நம்மை விட நன்றாக ஓட்டுவார்கள்.


பதில்: நெடுஞ்சாலை நாமக்கல்

முந்தைய நண்பருக்கு நல்ல அனுபவம், சந்தோஷம். ஆனால் பத்து வருஷம் வைத்திருப்பேன் என்கிறவருக்கு நான் மேனுவல்தான் சொல்வேன். உலர் கிளட்ச் டிசிடியின் வரலாற்றைப் பாருங்கள். 2013 மார்ச்சில் சீனாவில் வோக்ஸ்வேகன் டிஎஸ்ஜி கோளாறுக்காக 3,84,181 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதே வருஷம் நவம்பரில் உலகம் முழுக்க ஏறத்தாழ 16 லட்சம் வண்டிகளில், இதே 7 கியர் பெட்டியில் இருந்த செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டு மினரல் எண்ணெய் ஊற்றினார்கள். காரணம் என்ன தெரியுமா? வெயிலும் ஈரப்பதமும் அதிகமாக உள்ள ஊர்களில், நின்று நின்று போகும் ஓட்டத்தில், மின்பகுதியில் ஷார்ட் சர்க்யூட் ஆகலாம் என்பதுதான். அதைப் படித்தால் சென்னையைச் சொல்வது போலவே இருக்கும்.

ஃபோர்டு கதை இன்னும் மோசம். பவர்ஷிஃப்ட் என்ற 6 கியர் உலர் கிளட்ச் பெட்டி. அதைப் பற்றி வந்த புகார்களை நடத்திய விதத்துக்காக 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. நம் மறைமலை நகரில் செய்த எக்கோஸ்போர்ட்டிலும் 2013இல் 1.5 பெட்ரோலுக்கு இரட்டை கிளட்ச் பெட்டிதான் கொடுத்தார்கள். 2017இல் புது இன்ஜின் வந்தபோது அதை எடுத்துவிட்டு, எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் வைத்தார்கள். செய்தவர்களே விட்டுவிட்டார்கள் என்றால் நாம் ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்?

மேனுவலில் கிளட்ச் போனால் எந்த ஊரிலும் மாற்றலாம். வாணியம்பாடியில் நின்றாலும் சரி, சங்ககிரியில் நின்றாலும் சரி. டிசிடி நின்றால் தட்டு வண்டியில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.


பதில்: பட்டறைக்காரர், மேட்டுப்பாளையம்

தம்பி, மலை தொடங்குகிற இடத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். கிளட்ச், பிரேக், கியர்பாக்ஸ், இந்த மூன்றும்தான் எனக்குச் சோறு போடுகிற வேலை. மற்றவர்கள் உங்கள் கேள்வியில் மலையையும் ஓஎம்ஆரையும் பார்க்கிறார்கள். எனக்குக் கண்ணில் பட்டது அந்த வீட்டுச் சரிவுதான். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகும்.

கிளட்ச் முழுசாகப் பிடித்திருக்கும்போது தேயாது. முழுசாக விட்டிருக்கும்போதும் தேயாது. பாதி பிடித்து வழுக்கும்போது மட்டும்தான் தேயும், சூடாகும். மேனுவலில் நாம் ஹாஃப் கிளட்ச் என்று சொல்வது அதைத்தான். டிஎஸ்ஜியிலும் இதே சமாசாரம்தான் நடக்கிறது. உங்கள் இடது கால் செய்ததை உள்ளே ஒரு கம்ப்யூட்டர் செய்கிறது. பெடல் இல்லை என்பதால் கிளட்சே இல்லை என்று நினைத்து ஓட்டுகிறவர்கள்தான் அதைக் கெடுக்கிறார்கள்.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு கிளட்ச். ஒன்று 1, 3, 5, 7 கியர்களுக்கு. இன்னொன்று 2, 4, 6 கியர்களுக்கும் ரிவர்ஸுக்கும். நீங்கள் இரண்டில் போகும்போதே மூன்றாம் கியர் மறுபக்கத்தில் போட்டுத் தயாராக இருக்கும். ஒரு கிளட்ச் விட, மற்றது பிடிக்க, கியர் மாறியதே தெரியாது. ஓடுகிற வண்டியில் இதைப் போல ஒரு பெட்டி கிடையாது, அதை நான் மனசாரச் சொல்வேன்.

சரி, தொல்லை எங்கே? ஊர்ந்து போகிற வேகத்தில். முதல் கியரில் இன்ஜின் ஐட்லிங்கில் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 7, 8 கிலோமீட்டர் வேகத்தில் போகும், வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். அந்த வேகம் வந்துவிட்டால் கிளட்ச் பூட்டிக்கொள்ளும். அதற்குக் கீழே ஊர்ந்தால், ஊர்கிற நேரம் முழுக்க வழுக்கும். விர்ட்டஸில் இருப்பது எண்ணெயில் ஊறாத உலர் கிளட்ச். இரண்டு உள்ளங்கையையும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், அந்தச் சூடுதான் உள்ளேயும். எண்ணெயில் ஊறும் கிளட்ச் என்றால் சூட்டை எண்ணெய் எடுத்துக்கொண்டு போய்விடும். இதில் காற்று மட்டும்தான் ஆற்ற வேண்டும். நெரிசலில் காற்றும் ஓடாது.

இப்போது இந்தக் கணக்கை உங்கள் ஓட்டத்தில் போட்டுப் பாருங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறத்தாழ 33 கிலோமீட்டர். 25, 30 வேகத்தில் இரண்டாம் கியரிலும் மூன்றிலுமாக ஏறுவீர்கள். ஏறுகிற நேரம் முழுக்க கிளட்ச் பூட்டியே இருக்கும். கொண்டை ஊசி வளைவில் கியர் குறையும்போது கிளட்ச் கை மாறுகிற அந்த நொடியோடு சரி. அதனால் மலைப்பாதை டிஎஸ்ஜியைக் கெடுக்காது. உங்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும், அப்பாவுக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும், ஆனால் நான் வேலை பார்த்துத் தெரிந்துகொண்டது இதுதான். மே மாதத்தில் மட்டும் கதை வேறு. நீலகிரிக்கு இ-பாஸ் வந்த பிறகும் சீசன் சனிக்கிழமையில் பஸ்ஸுக்குப் பின்னால் மேட்டில் ஊர்ந்து ஏற வேண்டி வரும். அந்தக் கூட்டத்தில் என் பட்டறைக்குக் கருகிய வாடையோடு வந்து நிற்பவை பெரும்பாலும் மேனுவல் வண்டிகள். மேட்டில் ஹேண்ட்பிரேக் போடாமல், ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்து நின்றிருப்பார்கள். மலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சமவெளிப் பழக்கம் அது. மேனுவல் என்றால் பாதுகாப்பு என்று சும்மா நினைக்க வேண்டாம்.

மேடவாக்கம் – சோழிங்கநல்லூர் ரோடு நிஜமாகவே டிஎஸ்ஜியைச் சோதிக்கும். ஆனால் அதற்கு ஓட்டுகிற முறை இருக்கிறது. முன் வண்டி இரண்டு அடி நகர்ந்தால் நீங்களும் இரண்டு அடி நகராதீர்கள். பிரேக்கை முழுசாக மிதித்து நில்லுங்கள், அப்போது கிளட்ச் விட்டுவிடும், தேய்வு இல்லை. முன்னால் ஒன்றரை, இரண்டு கார் நீளம் இடம் விழட்டும். அப்புறம் பிரேக்கை விட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தெளிவாகவே கொடுத்து, 8ஐத் தாண்டிப் போய், திரும்ப நில்லுங்கள். பிரேக்கைப் பாதி மிதித்துக்கொண்டு அரை அடி, அரை அடியாக வழிய விடுவதுதான் கூடாது. ஆட்டோவும் பைக்கும் அந்த இடைவெளியில் புகுந்துவிடும் என்பீர்கள். புகட்டும் தம்பி. சோழிங்கநல்லூருக்கு ஒரு நிமிஷம் பிந்திப் போவீர்கள், கிளட்ச் பல வருஷம் பிந்திப் போகும்.

நாமக்கல் நண்பர் சொன்ன செய்திகள் எல்லாம் சரி. ஆனால் 2013இல் எண்ணெய் மாற்றியதற்குக் காரணம் கிளட்ச் தேய்வு இல்லை, மெக்கட்ரானிக்ஸ் என்று சொல்கிறோமே, கியர் மாற்றுகிற மின்பகுதியும் வால்வுகளும் சேர்ந்த அந்தப் பெட்டியில் வந்த பிரச்சினை. அதைத் திருத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. கிளட்ச் சூடு மட்டும் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது, அது உலர் கிளட்சின் இயல்பு. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த 7 கியர் பெட்டி 250 நியூட்டன் மீட்டர் டார்க் வரைக்கும் தாங்கும் என்று செய்தது. உங்கள் இன்ஜின் சரியாக அந்த 250ஐத் தொடுகிறது. அதனால் பயம் இல்லை, ஆனால் இன்ஜினை ரீமேப் செய்து சக்தி கூட்டலாம் என்று யாராவது கடையில் ஆசை காட்டினால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இப்போது உங்கள் வீட்டுச் சரிவு. ரிவர்ஸில், செங்குத்தில், கண்ணாடியைப் பார்த்து, இரண்டு பக்கமும் சுவர் உரசாமல், நடக்கிற வேகத்தில் ஏற்றுவீர்கள். அந்த வேகத்தில் கிளட்ச் பூட்டவே பூட்டாது. அடியிலிருந்து மேல் வரை முழு எடையும் வழுக்கிக்கொண்டிருக்கிற கிளட்சின் மேல்தான். நடுவில் நிறுத்தி ஸ்டியரிங்கைத் திருத்தி மறுபடி கிளம்பினால் இன்னும் மோசம். கோத்தகிரி வரை 33 கிலோமீட்டர் ஏறியதில் ஆகாத தேய்வு அந்தச் சில அடியில் ஆகும். மேனுவலில் இதைச் செய்தாலும் இதேதான், வாடை அடித்து நமக்குத் தெரிந்துவிடும் என்பது மட்டும் வித்தியாசம். டிஎஸ்ஜியில் சூடு எல்லை தாண்டினால் டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும். வந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விட வேண்டும்.

ரிவர்ஸ் எந்தக் கிளட்சில் இருக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, 2, 4, 6 பக்கம். அந்தப் பக்கம் பழுதானால் பெட்டி அதை மூடிவிட்டு 1, 3, 5, 7 வைத்து உங்களை ஓட்டிக்கொண்டு போக விடும். நல்ல ஏற்பாடுதான், நடுக்காட்டில் விட்டுவிடாது. ஆனால் ரிவர்ஸ் இருக்காது. உங்கள் வீட்டுக்கு ரிவர்ஸில்தான் ஏற முடியும் என்கிறீர்கள்.

செலவைப் பொறுத்தவரை நாமக்கல் நண்பர் பக்கம்தான் நானும். மேனுவலில் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றினாலும் டிஎஸ்ஜி செலவில் அது சிறு பங்குதான். டிஎஸ்ஜிக்கு இரட்டைக் கிளட்ச் செட் வேண்டும், அதைப் பூட்டத் தனிக் கருவி வேண்டும், பூட்டியபின் ஸ்கேனர் போட்டுப் பெட்டிக்குப் புதுக் கிளட்சைக் கற்றுக்கொடுக்க வேண்டும். மெக்கட்ரானிக்ஸ் போனால் லட்சக் கணக்கில் பேச வேண்டியிருக்கும்.

என் கருத்து இது. வாரத்தில் ஐந்து நாள் அந்த ரோட்டில், அந்த முட்டியோடு, மேனுவல் வேண்டாம். வருஷா வருஷம் உடம்பு அதைத் தாங்காது. டிஎஸ்ஜி எடுங்கள், ஆனால் மேலே திருப்ப இடம் செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். முன்பக்கமாக, கொஞ்சம் வேகம் பிடித்து ஏறி, மேலே திருப்பினால் பாதிக் கவலை போய்விடும். மேலே இடமே செய்ய முடியாது, ரிவர்ஸ்தான் கதி என்றால், இதே விர்ட்டஸில் 1 லிட்டர் இன்ஜினோடு வரும் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்கைப் பாருங்கள். 115 பிஎஸ், 178 நியூட்டன் மீட்டர். உங்கள் 1.5 அளவு துள்ளல் இருக்காது. ஆனால் அதில் கிளம்புகிற வேலையை எண்ணெய் செய்கிறது, நடக்கிற வேகத்தில் மேடு ஏறினாலும் கருக ஒன்றும் இல்லை.


மலைநாட்டான்:

அண்ணா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மிக்க நன்றி. சரிவைப் பற்றி ஷோரூமில் யாருமே கேட்கவில்லை, நானும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

நேற்று அப்பாவிடம் பேசினேன். மேலே வலது பக்கம் பழைய விறகுக் கொட்டகை ஒன்று இருக்கிறது. கேஸ் வந்த பிறகு அதில் விறகு கிடையாது, உடைந்த நாற்காலியும் தேயிலைச் சாக்கும்தான். அதை எடுத்துவிட்டால் வண்டியைத் திருப்ப இடம் வரும் என்று அப்பாவே சொன்னார். கீழே ரோடு சேருகிற இடத்தில் ஒரு திண்டு மாதிரி இருக்கிறது, அதையும் உடைத்துச் சரிவை நீட்டிப் போடலாம் என்கிறார். உங்கள் பதிலைப் படித்துக் காட்டியதும் ஹாஃப் கிளட்ச் பகுதிக்கு மட்டும் தலையாட்டினார். இறங்குவதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்கிறார். டி-யில் போட்டுவிட்டால் வண்டி உருண்டு ஓடும், பிரேக்கைத்தான் நம்ப வேண்டும் என்பது அவர் கட்சி.

1 லிட்டர் டார்க் கன்வர்ட்டரையும் ஓட்டிப் பார்த்தோம். நன்றாகவே இருக்கிறது. ஆனால் மனைவிக்கு 1.5இன் மேல்தான் ஆசை. அவளும் பாதி நாள் ஓட்டுவாள். இரண்டு பேரும் ஓட்டும்போது வேறு என்ன கவனிக்க வேண்டும்?


பதில்: பட்டறைக்காரர், மேட்டுப்பாளையம்

கொட்டகையை எடுக்க அப்பா ஒத்துக்கொண்டது பெரிய விஷயம் தம்பி. திண்டை உடைக்கும்போது அடியில் கார் தட்டாத மாதிரி வளைவை மெதுவாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். சிமெண்ட் மேல் குறுக்காகக் கோடு கீறிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாசி பிடித்து மழையில் டயர் சுற்றும்.

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய் என் பட்டறைக்கு வந்த வண்டிகள் நிறைய. சீசனில் ஊட்டி வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவார்கள். அந்த நாட்களில் பிரேக் வேலைதான் எனக்கு அதிகம். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: டார்க் கன்வர்ட்டரில்தான் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் எண்ணெய். டிஎஸ்ஜியில் நடுவில் இருப்பது கிளட்ச். அது பூட்டியிருக்கும்போது அவருடைய ஜீப்பில் எப்படியோ அப்படியே இன்ஜின் வண்டியைப் பிடித்து இழுக்கும். ஆனால் டி-யில் விட்டால் பெட்டி மைலேஜை நினைத்து மேல் கியருக்குப் போகப் பார்க்கும், அதனால் இறக்கத்தில் டி வேண்டாம். லிவரைப் பக்கவாட்டில் தள்ளினால் மேனுவல் முறை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடில் சுவிட்சில் கியரைக் குறைத்து, எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டு, அல்லது மூன்று. வேகம் அதிகமாக இருக்கும்போது கீழ் கியர் கேட்டால், இன்ஜினுக்குச் சேதம் வரும் என்றால் பெட்டி மறுத்துவிடும். அப்போது பிரேக்கை ஒருமுறை அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டும். அப்பாவுக்கு இதை அரவேணு பக்கம் ஒருமுறை இறங்கிக் காட்டினால் போதும், கியர் தன் கையில் இருக்கிறது என்று அவருக்கே தெரிந்துவிடும். எந்தக் காரணத்துக்கும் நியூட்ரலில் மட்டும் இறங்கக் கூடாது.

நிறுத்தும்போது ஒரு பழக்கம் வேண்டும், மலை வீட்டில் கட்டாயம். பிரேக்கை மிதித்தபடி நியூட்ரல், ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பிரேக் பெடலை மெதுவாக விட்டு வண்டியின் எடை ஹேண்ட்பிரேக்கில் உட்காருகிறதா என்று பார்த்து, அப்புறம் பிரேக்கை மிதித்து பி-யில் (பார்க்கிங்) போடுங்கள். நேரடியாக பி-யில் போட்டுவிட்டு இறங்கினால் முழு எடையும் பெட்டிக்குள் இருக்கிற ஒரு சின்னப் பல்லின் மேல் நிற்கும். காலையில் எடுக்கும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வரக் கூடாது.

மேட்டில் நிற்கும்போது ஆக்சிலேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது. இதை இரண்டு பேரும் பழகுங்கள். உங்கள் மனைவிக்கு ஆட்டோமேட்டிக் புதிது என்றால், வலது கால் ஒன்றே இரண்டு பெடலுக்கும். இடது காலை ஓரமாக வைத்துவிடச் சொல்லுங்கள். மேனுவலில் பழகிய இடது கால் கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை மிதித்துவிடும், முதல் வாரத்தில் நிறையப் பேருக்கு நடப்பது.

புக்கிங்குக்கு முன் அடுக்குமாடி அடித்தளத்தில் பார்க்கிங் சரிவு இருக்கிற இடமாகப் பார்த்து டெஸ்ட் டிரைவ் வண்டியைக் கொண்டுபோங்கள். அடியில் நின்று, நின்ற இடத்திலிருந்து ஏற்றிப் பாருங்கள். ஷோரூம் வாசலில் நேர் ரோட்டில் ஓட்டினால் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் ஓடும். எக்ஸ்டெண்டட் வாரண்டியை வண்டி வாங்கும்போதே எடுங்கள். அதில் மெக்கட்ரானிக்ஸ் அடங்குமா, இரட்டைக் கிளட்ச் அடங்குமா என்று தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கிளட்சைத் தேய்மானப் பொருள் என்று சொல்லி விலக்குகிற வழக்கம் உண்டு, வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

வண்டி வந்த பிறகு ஊருக்குப் போகிற வழியில் பட்டறையில் நிறுத்துங்கள். ஸ்கேனரைப் போட்டு, நீங்கள் ஊர்ந்து ஓட்டும்போது கிளட்ச் சூடு எவ்வளவு ஏறுகிறது, இடம் விட்டு ஓட்டும்போது எவ்வளவு என்று எண்ணிலேயே காட்டுகிறேன். அம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.